ஒருவர் வீட்டுக்கும் போகாத பயணம்

ஒஸ்லோவில் என்னோடு பணிபுரியும் நோர்வேஜியர்கள், விடுமுறை முடிந்து திரும்பும் எவரிடமும் முதலில் கேட்பது, "என்ன பார்த்தாய்?" என்பதே. பேர்கனுக்குப் போய்வந்தேன் என்று நான் சொன்னபோதும் ஒருத்தி அப்படித்தான் கேட்டாள். "மனைவியின் சிற்றன்னையைப் பார்த்தேன்," என்றேன். மலையையும் துறைமுகத்தையும் எதிர்பார்த்து அவள் சற்றுக் காத்திருந்தாள். பிறகு, சிற்றன்னைக்கு உடல்நலமில்லையா என்று இரக்கத்தோடு விசாரித்தாள்.

நான் குடியிருக்கும் ஹொல்ம்லியாவுக்குத் திரும்பும் தொடர்வண்டியில் அன்று யோசித்துப் பார்த்தேன். இந்நாட்டின் எத்தனையோ நகரங்களுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நான் அறிந்தவை ஒரு வரவேற்பறை, ஓர் அடுக்களை, ஒரு திருமண மண்டபம். எந்நகரில் இடியப்பம் மிருதுவாக இருந்தது என்று சொல்வேன். அந்நகரின் ஆறு எத்திசையில் ஓடுகிறது என்று கேட்டால் விழிப்பேன். பயணக் கட்டுரை எழுத விரும்புபவனுக்கு இது சிறிய குறையன்று. விருந்தினனுக்கு ஊரை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். தானாகக் கண்டு, தவறாக விளங்கிக்கொண்டு, மறுநாள் அதைத் திருத்திக்கொள்ள அவனுக்கு அவகாசமில்லை. அந்தத் திருத்தத்தில்தான் எழுத்து தொடங்குகிறது.

ஆகவே கடந்த கோடையில், மனைவியின் சம்மதத்தோடு, வாழ்நாளில் முதன்முறையாக ஒரு வாரத்தை எனக்கென்று ஒதுக்கினேன். தொடர்வண்டியிலும் கப்பலிலுமாக மெல்ல மெல்ல வடக்கே ஹம்மர்பெஸ்ட் வரை போய், கடலோரத்தில் ஓர் அறை எடுத்தேன். 'கடல் சாம்பல் நிறம்' என்று முதல்நாள் எழுதினேன். மறுநாட் காலையில் அது பொய்யாயிற்று. மகிழ்ச்சியோடு அடித்துவிட்டுக் காலையுணவுக்குப் பாண் வாங்கப் புறப்பட்டேன். கடையில் பிடிபட்டேன்.

"அண்ணை, தமிழோ?" என்றார், மீன் தொழிற்சாலைச் சீருடையில் நின்ற ஒருவர். பெயர் யோகன், திருகோணமலைக்காரர்.

"ஓம்."

"யாரிட்டை வந்தனீங்கள்?"

"ஒருத்தரிட்டையும் இல்லை. சும்மா ஊர் பாக்க வந்தனான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

இல்லையென்ற என் உறுதிமொழியை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நான் அறை எடுத்திருப்பதை அறிந்ததும் முகம் வாடியது. "நாங்கள் இஞ்சை இருக்க, காசு குடுத்துப் படுக்கிறதோ? ஆக்கள் கேள்விப்பட்டா என்ன சொல்லுவினம்? பெட்டியை எடுங்கோ, போவம்."

மறுத்தால் அவரை அவமதித்தவனாவேன். இசைந்தால் என் வாரம் போயிற்று. மாலைச் சாப்பாட்டுக்கு மட்டும் வருவதாகச் சொல்லித் தப்பினேன்.

சாப்பாட்டு மேசையிலும் யோகன் பெட்டியை மறக்கவில்லை. அவர் மனைவி வதனி மீன்குழம்பைப் பரிமாறிக்கொண்டிருந்தார். இறுதியில் நான் துணிந்தேன். "குறை நினைக்காதேங்கோ தம்பி. நான் தனிய இருந்து எழுத வந்தனான். அறையிலையே தங்குறன்."

வதனி அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்பாடா!"

"வதனி!" என்று அதட்டினார் யோகன்.

"என்னப்பா வதனி? போன சனிதான் உங்கடை மச்சான் ஆக்கள் போனவை. நாளைக்கு விடிய ரெண்டு பேருக்கும் வேலை. அண்ணை வாய் திறந்து சொல்லுறார், விடுங்கோவன்." என் பக்கம் திரும்பினார். "கோவிக்காதேங்கோ அண்ணை. நீங்கள் நல்ல மனுசன்."

யோகன் என்னையும் மனைவியையும் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "உண்மையைச் சொன்னா, ஆக்கள் வந்தா நான்தான் சோபாவிலை. இன்னும் முதுகு நோகுது."

நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டது போலிருந்தது. இத்தனை ஆண்டுகளாக என்னை உபசரித்த வீடுகளில் எத்தனை பேர் இப்படியொரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்களோ!

அதன்பின் என் நாள்கள் எனக்கே கிடைத்தன. கலைமான்கள் தெருவைக் கடக்க, வாகனங்கள் பொறுமையாகக் காத்து நின்றதை ஒரு முற்பகல் முழுவதும் இருந்து பார்த்தேன். ஒருநாள், வேலை முடித்து வந்த யோகன் என் அறைக்கதவைத் தட்டினார். "நீங்கள் அப்பிடி என்னத்தைத்தான் பாக்கிறியள் எண்டு நானும் பாக்கலாமோ?"

நகரின் பின்னாலுள்ள குன்றில் ஏறினோம். இவ்வளவு காலத்தில் அதில் ஏறியதில்லை என்றார். ஏறிப்போக அங்கே யாருடைய வீடும் இல்லையாம். உச்சியை அடைந்தபோது அவருடைய கைபேசி ஒலித்தது. எங்கே நிற்கிறீர்கள் என்று வதனி கேட்டது எனக்கும் கேட்டது.

"எங்கடை ஊருக்கு மேலை," என்றார் யோகன். உடனே, திருகோணமலை நினைவு வந்தவர்போல, "இல்லை, இந்த ஊருக்கு மேலை" என்றார்.

கீழே, வண்ணவண்ண வீடுகளுள் ஒன்றின் மேல்மாடத்துக்கு ஒரு சிறு உருவம் வந்து கையசைத்தது. யோகன் அந்தக் கூரையையும், அதற்கப்பால் விரிந்து கிடந்த கடலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகுதான் கையை உயர்த்தினார்.