யுவராணி சொல்லாத வார்த்தை

கடத்தூருக்கு மேற்கே ஓர் ஊரில் ஒரு கிணறு வற்றியது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறு வற்றியது. வற்றி ஏழு மாதம் கழித்துத்தான் யுவராணி பிறந்தாள். ஆனால் அவள் அம்மா தீர்த்தம்மாள் சொல்லும் கதையில், குழந்தை வீறிட்டதும்தான் தண்ணீர் இறங்கியது. சொல்லச் சொல்லக் கிணற்றின் ஆழமும் கூடியது. நாற்பதடி அறுபதாகி, அறுபது நூறாகி, அடியில் கிடந்த ஆமை படியேறி வந்து வேறு கிணறு பார்த்துப் போனது வரைக்கும் கதை வளர்ந்தது. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

வீட்டில் அவளைக் கூப்பிடுவது ‘பீடை’ என்றுதான். போர் போடும் வண்டி வந்தால் அவளை மாட்டுக் கொட்டகையில் விட்டுத் தாழ் போடுவார்கள். அப்படியும் தண்ணீர் வராவிட்டால், உள்ளேயிருந்து மூச்சு விட்டாள் என்பார்கள். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதலாக வந்தாள். நாற்பது நாள் அம்மா அவளோடு பேசவில்லை. மகன் வீரமணி தேறாத வருஷம் அது. பெண் பார்க்க மூன்று முறை ஆட்கள் வந்தார்கள். காபி ஆறுமுன் அம்மாவே கிணற்றுக் கதையை எடுத்துவிட்டாள். மூன்றாவது முறைக்குப் பிறகு யுவராணி ஒரு பையோடு கம்பைநல்லூருக்குப் பஸ் ஏறினாள். பதினெட்டு வருஷமாக அங்கே ரவிக்கை தைக்கிறாள். யாரும் தேடி வரவில்லை.

போன ஆவணியில் அண்ணன் வீரமணி வந்தான்.

“அம்மா பதினோரு நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்குது. எல்லாரும் பால் ஊத்திட்டோம், உசுரு போவ மாட்டேங்குது. ஒன்னோட மனக்கொறதான் தடுக்குதுன்னு பூசாரி சொல்றாரு. நீ வந்து பால் ஊத்தி, மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிரு.”

“தண்ணி போனதுக்கும் நான்தான், உசுரு போவாததுக்கும் நான்தானாண்ணா?”

“இந்த வாய்தான் ஒன்ன வாழ விடல.”

கத்தரியை வைத்துவிட்டுக் கிளம்பினாள். பால் ஊற்றலாம், சாகக் கிடக்கும் யாருக்கும் ஊற்றலாம். அந்த வார்த்தையைச் சொன்னால், கொட்டகையில் ஒருத்தி கிடக்கவே இல்லை என்று அவளே சாட்சி சொன்னதாகிவிடும்.

கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர். அம்மா பிழிந்து போட்ட துணி போலக் கிடந்தாள். யுவராணி மூன்று சொட்டு விட்டாள். கடைவாயில் வழிந்ததை முந்தானையால் துடைத்தாள்.

“சொல்லிரு பாப்பா, நாங்களும் தூங்கி எத்தன நாளாச்சு,” என்றாள் அண்ணி நிர்மலா.

“தூங்குங்க அண்ணி. அத நான் சொல்ல மாட்டேன்.”

பிறகு அம்மாவின் காதருகே குனிந்தாள். “நான் மன்னிக்கல. ஆனா ஒன்னப் புடிச்சும் வெக்கல. போறதுன்னா போ.”

மறுநாள் உச்சிப்பொழுதில் தீர்த்தம்மாள் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் பந்தலில், சொந்தமெல்லாம் இலை முன் உட்கார்ந்திருக்க, வீரமணி எழுந்தான். “என் தங்கச்சி மன்னிச்சுட்டேன்னு காதுல சொன்னுச்சு. அதான் அம்மா நிம்மதியாப் போச்சு.”

தங்கச்சி. அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. பேசாமல் இருந்தால் போதும். வீட்டுக்குள் ஓர் இடம் கிடைத்துவிடும்.

யுவராணி எழுந்தாள். “நான் அப்படிச் சொல்லலீங்க. மன்னிக்கலன்னுதான் சொன்னேன். அதக் கேட்டப்புறந்தான் அம்மா போச்சு.”

அவள் இலைக்கு மட்டும் சோறு வரவில்லை. வெறும் இலையை மடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஊரில் இப்போது கதை நீண்டிருக்கிறது: பீடை காதில் ஊதினாளாம், அம்மாவின் உயிர் கிணற்றுத் தண்ணீர் போலச் சரசரவென்று இறங்கியதாம். துணி கொடுக்க வந்த ஒருத்தி இதைச் சொன்னபோது யுவராணி கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

“ஆமை இந்தத் தடவ எங்க போச்சாம்?” என்று கேட்டாள்.