காயடிக்கும்போது போட்ட பாட்டு

பன்றிக்குட்டிக்குக் காயடிக்கும் நாளில் தாய்ப்பன்றி கூப்பிடு தூரத்தில் இருக்கக் கூடாது. புதுப்பட்டினத்தில் பன்றி வளர்க்கிற எங்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. ஓட்டல் மிச்சம் அள்ளும் லோடு ஆட்டோவிலேயே அவளை ஏற்றி, சவுக்குத் தோப்பில் கொண்டுபோய்க் கட்டிவிடுவோம். அன்றைக்கு என் புருஷனுக்குச் சோம்பல். தாயைத் தகரக் கதவுக்குப் பின்னால் அடைத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு வாங்கிய பெரிய ஸ்பீக்கரைக் கொட்டகை வாசலில் வைத்தார்.

"பாட்ட அலற வுட்டா அதுக்கு இன்னா கேக்கப் போவுது? நீ குட்டியப் புடி."

"உன் மூளைக்குக் கோயில்தான்யா கட்டணும்," என்றேன். சொன்னேனே தவிர, பிடித்துக்கொண்டேன்.

காயடிக்காத பன்றியின் கறி வேகும்போதே மூத்திர நாற்றம் அடிக்கும். ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். அதனால்தான் இந்தப் பாவம். குட்டியின் பின்னங்கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கினேன். அவர் மருந்து தடவி, விதையைத் தோலோடு நெருக்கி, புது பிளேடால் கீறினார். விதை பிதுங்கி வந்தது. ஒரே வெட்டாக வெட்டினால் ரத்தம் நிற்காது என்று நரம்பைச் சுரண்டிச் சுரண்டி அறுத்தார். குட்டி கத்தியது. அதற்கு மேலே ஸ்பீக்கர் அல்லேலூயா பாடியது.

அடுத்த பக்கத்தைக் கீறப் போன நேரம் கரண்ட் போய்விட்டது. மின்நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்று பேர்தான். பாட்டு பொட்டென்று நின்றது. குட்டியின் கத்தல் மட்டும் நிற்கவில்லை.

தகரக் கதவு பெயர்ந்து விழுந்தது. அவர் எழுவதற்குள் தாய் அவருடைய தொடையைக் கவ்விவிட்டாள். தலையை உதறி உதறி இழுத்தாள். கைலியோடு சதையும் கிழிந்தது. ஒரு கையில் குட்டியோடு, மறு கையால் கட்டையை எடுத்து அவள் முதுகில் போட்டேன். அடி விழ விழ இன்னும் இறுக்கினாள். "செத்தேன்டி!" என்று அலறினார். சேறெல்லாம் ரத்தம். என் கண்ணெதிரே போய்விடுவார் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் கையிலிருந்த குட்டி நினைவுக்கு வந்தது. அதை அவள் மூக்கடியில் போட்டேன். தொடையை விட்டுவிட்டாள். அதே வாயால் குட்டியின் அறுத்த இடத்தை நக்கினாள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட வந்த டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மரத்துப் போற ஊசி போடும்மா, சும்மா தைக்காதம்மா," என்று அழுதார். கடி இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் யார் யாருக்குக் காயடித்தது என்று ஊரே சிரித்திருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

காயம் ஆறி, நொண்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்த முதல் நாளே பிளேடை எடுத்தார்.

"ஒரு பக்கம் மிச்சம் கீதுடி. குட்டியப் புடி."

"மாட்டு டாக்டரக் கூட்டினு வா. உனக்குப் போட்ட ஊசிய அதுக்கும் போடச் சொல்லு."

"பன்னிக்கு இன்னாத்துக்குடி ஊசி?"

நான் போய், திரும்ப மாட்டியிருந்த தகரக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே தாய் உறுமினாள். அவர் பிளேடைச் சுவரிடுக்கில் செருகிவிட்டுப் போனை எடுத்தார்.