சாரல் காலத்துப் பின்படி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில், வயலை மேடாக்கிக் கட்டிய ஐந்து மாடிக் குடியிருப்பு எங்களுடையது. நாங்கள் இருப்பது நான்காவது மாடி. கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள். லிஃப்டைச் சுற்றி ஏறுவது ஒன்று. பின்பக்கம், இருபுறமும் சுவர் அடைத்தது இன்னொன்று. இந்த உயரத்துக்கு இரண்டாவது படிக்கட்டு இல்லாமல் அனுமதி கிடைக்காது, அதனால்தான் கட்டினேன் என்று கட்டியவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு படுக்கையறைக்கான இடம் வீணாகப் போன வருத்தம் அவருக்கு. ஒவ்வொரு மாடியிலும் அதற்குள் போக ஒரு கனத்த இரும்புக் கதவு உண்டு. கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். பக்கத்தில் மணல் நிரப்பிய சிவப்பு வாளி. அந்தப் படிக்கட்டை நாங்கள் பின்படி என்போம்.

சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் வீடுகள் நிறைந்துவிடும். அருவியில் குளிக்க சொந்தக்காரர்கள் வருவார்கள். துணி காயாது. பால்கனியில் போட்டால் சாரல் நனைக்கும், நனைக்காததைக் குரங்கு இழுக்கும். பின்படியில் காற்று கீழிருந்து மேலே இழுப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். சுவருக்குச் சுவர் ஆணி அடித்துக் கயிறு கட்டினோம். ஈரத்துண்டும் சேலையும் மாடிக்கு மாடி தொங்கின. விருந்தாளிகளின் மெத்தைகளைப் பகலில் அடுக்கி வைக்கவும் படிக்கட்டின் திருப்பங்கள் வசதியாக இருந்தன. கதவு மூடிக்கொண்டால் காற்று வராது. சிவப்பு வாளியை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்தால் அசையாமல் நிற்கும். எங்கள் மாடியில் அந்த வாளியை அப்படி வைத்தவன் நான். நல்ல யோசனை என்று அன்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஓய்வு பெறும் வரை நாளிதழில் செய்தி திருத்தும் மேசையில் இருந்தவன் நான். தீ விபத்துச் செய்திகள் எத்தனையோ கையில் வந்திருக்கின்றன. அவற்றின் கடைசிப் பத்தி எப்போதும் ஒன்றுபோல இருக்கும்: அவசர வழி பூட்டியிருந்தது, அல்லது அடைத்துக் கிடந்தது. இடம் போதவில்லை என்றால் நான் முதலில் வெட்டுவது அந்தப் பத்தியைத்தான்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. எங்களுக்கு டீச்சர். அவர் கணவர் காவல்துறையில் ஆய்வாளராக இருந்தவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. தென்காசியில் வைத்தியம் பார்க்க வசதியாக இருக்கும் என்று கடையத்து வீட்டை விட்டு வந்தார்கள். வாங்குவதற்கு முன்பே டீச்சர் பின்படியில் ஏறி இறங்கி, நாற்காலியோடு ஒருவரைத் திருப்ப முடியுமா என்று கையை விரித்து அளந்து பார்த்தாராம். அந்தப் படிக்கட்டை நம்பித்தான் நான்காவது மாடிக்குச் சம்மதித்தார்.

போன சீசனின் தொடக்கத்தில் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அந்த மெத்தையள கொஞ்சம் உள்ள எடுத்துப் போடுங்களேன். லிஃப்டு நின்னு போச்சுன்னா இவியள எப்படி நான் கீழ கொண்டு போவேன்?"

மெத்தைகள் எங்களுடையவை. சங்கரன்கோவிலிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். எங்களுடையதை மட்டும் எடுத்துப் பயனில்லை, குடியிருப்போர் கூட்டத்தில் நான் பேசுகிறேன், எல்லோருடையதையும் எடுக்கச் சொல்லலாம் என்றேன். பொறுப்பான பதிலாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் டீச்சர் விஷயத்தை எடுத்தார். செயலாளர் பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர், கேலிக்காரர். "டீச்சர் ரிட்டயர் ஆனாலும் பிரம்ப மட்டும் கீழ வைக்க மாட்டாவ போலுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் சிரித்து முடித்திருக்கவில்லை. சீசன் முடிந்ததும் சுத்தம் செய்வது என்று முடிவாயிற்று.

அது நடந்தது ஒரு சனிக்கிழமை பிற்பகலில். என் மனைவி மச்சினன் குடும்பத்துப் பெண்களோடு ஐந்தருவிக்குப் போயிருந்தாள். மச்சினன் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்தான். மின்விசிறி நின்றது. ரப்பர் கருகும் வாசனை வந்தது. கதவைத் திறந்தால் முன்படியில் கரும்புகை ஏறி வருகிறது. தரைத்தளத்து மீட்டர் பெட்டிகள் எரிந்துகொண்டிருந்தன என்பது பிறகு தெரிந்தது.

எதிர்வீட்டுக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. டீச்சர் அண்ணாச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மார்போடு சேர்த்து ஒரு சேலையால் கட்டியிருந்தார். "பின்படி" என்றார், அவ்வளவுதான்.

மச்சினனை எழுப்பி, நான் கீழ்ப்பக்கமும் அவன் மேல்பக்கமுமாகத் தூக்கினோம். டீச்சர் முன்னால் இறங்கினார், இரண்டு கையாலும் துணிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே. அரையிருட்டில் எல்லாம் கைக்கு அகப்படவில்லை. மூன்றாவது மாடித் திருப்பத்தில் ஒரு ஈரவேட்டி அண்ணாச்சியின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அவரால் ஒரு கையைத் தூக்க முடியாது. மறு கை என் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருந்தது. தலையைக் குனிந்து, உதறி, அதிலிருந்து வெளியே வந்தார். பச்சைக்கரை வேட்டி. என்னுடையது.

அதற்கு அடுத்தது மெத்தைகள். நனைந்து கனத்து வழியில் சரிந்து கிடந்தன. டீச்சர் இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. நாற்காலியைப் படியில் சாய்த்து என் தோளில் தாங்கிக்கொண்டு நான் நிற்க, மச்சினன் தாண்டிப் போய் ஒவ்வொன்றாக இழுத்து ஓரத்தில் தள்ளினான். துணி காய வைத்த அதே காற்று, முட்டுக் கொடுத்த கதவுகள் வழியாகப் புகையை இழுத்துக்கொண்டு எங்களை நோக்கி மேலே வந்தது. அண்ணாச்சி இருமினார். டீச்சர் திரும்பிப் பார்த்தார், என்னை அல்ல, அவரை. "இந்தா, வந்துட்டோம்" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் இந்தக் குரலில்தான் பேசியிருப்பார் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் இதை நினைத்ததற்காகவும் கூசுகிறது.

யாரும் சாகவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, வாசலில் நின்ற விருந்தாளிகளின் வேன்களை எடுக்கக் காத்திருந்தது. எல்லாம் அணைந்த பிறகு அதிகாரி ஒருவர் பின்படியில் ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "நாலாவது மாடில கதவுக்கு முட்டு இதுதான். யார் வச்சது?"

அருவியிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்திருந்த என் மனைவி என்னைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரரான டீச்சருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் அண்ணாச்சியின் மூக்கில் படிந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

மாலையில் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு நிருபர் கூப்பிட்டான். மின்கசிவு, உயிர்ச்சேதம் இல்லை என்று சொன்னேன். எல்லோரும் இரண்டாவது படிக்கட்டு வழியாகத் தப்பினார்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கடைசிப் பத்தியை அவன் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

மின்சாரமும் லிஃப்டும் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் கதவைத் தட்டினார். "தம்பி, இவியள கீழ இறக்கணும். ஒரு கை பிடிங்க."

எங்கே போக வேண்டும் என்று கேட்டேன்.

"எங்கயும் இல்ல. பின்படி வழியா இறங்கணும், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் இறக்குகிறோம். மறுபக்கம் பிடிக்கச் சில நாள் செயலாளரே வருவார், கேலி எதுவும் பேசாமல். கீழே கொஞ்ச நேரம் வெயிலில் இருந்துவிட்டு லிஃப்டில் திரும்புவோம். எங்கள் வழியில் எது கிடந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும். அதனால் யாரும் எதையும் போடுவதில்லை. இதற்காகக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை.

இந்த சீசனுக்கும் மச்சினன் வந்தான். ஹாலில் மெத்தைகளுக்கு நடுவே நடக்க வழியில்லை, நாற்காலி தோறும் ஈரத்துண்டு. "அத்தான், பின்னால அவ்ளோ எடம் சும்மா கெடக்கு. இங்க போட்டு ஏன் இடுக்குதிய?" என்றான். போன வருஷம் அந்த மெத்தைகளை இழுத்துத் தள்ளியவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை மறுபக்கம் பிடிக்க வா என்று மட்டும் சொன்னேன்.

வந்தான். இறங்கினோம். படிகள் காலியாக, காய்ந்து கிடந்தன. மூன்றாவது மாடித் திருப்பம் வந்ததும் அண்ணாச்சி தலையைத் தாழக் குனிந்தார். அங்கே இப்போது கயிறு இல்லை. சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. திருப்பத்தைத் தாண்டிய பிறகே நிமிர்ந்தார். வாராவாரம் அப்படித்தான் செய்கிறார்.

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் படியைப் பார்த்து இறங்கினேன்.