அரைப் பூசணிக்காய்

அன்று எங்கள் சமையலறையில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர், எஞ்சினியர். என் மகள், வயது ஏழு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவருடைய கணவர் அங்கிள், டாக்டர் பட்டம் வாங்கியவர். ஊசி போடும் டாக்டர் இல்லை. மேஜை மேல் ஒரு மஞ்சள் பூசணிக்காய்.

நான் ஆறாவது வரை படித்தவள். அந்த இரண்டு ஆண்கள் படித்ததை அடுக்கினால் மேஜை தாங்காது.

நாங்கள் அமெரிக்காவில் பிஸ்கட்டவேக்கு வந்த முதல் வருஷம், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வரும் ஹாலோவீனுக்கு ஒரு பிள்ளையும் எங்கள் கதவைத் தட்டவில்லை. மகள் ஒரு கிண்ணம் மிட்டாயோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தே இருந்தாள். அப்புறம் வகுப்பில் விசாரித்துக்கொண்டு வந்தாள். வாசலில் முகம் வெட்டின பூசணிக்காய்க்குள் விளக்கு எரிந்தால்தான் வருவார்களாம். அடுத்த வருஷம் வகுப்பு முழுவதையும் கூப்பிட்டுவிட்டாள். யாரும் வராவிட்டால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்.

முழுப் பூசணிக்காயை எங்கள் பக்கத்துப் பெண்கள் வெட்டமாட்டோம். ஆண் ஒருவர் முதல் வெட்டுப் போட்டுத் தரவேண்டும். கோழி, மீன், பலாப்பழம் எல்லாம் வெட்டியிருக்கிறேன். இதை மட்டும் தொட்டதில்லை. ஆன்ட்டியும் அப்படித்தான். ஆக, கத்தி பிடிக்கத் தெரிந்த இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். தெரியாத இரண்டு பேரும் வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் கிராஃப் காகிதம் வந்தது. பிறகு ஸ்கேல்.

"கண்ணுக்கு ஈக்விலேட்டரல் ட்ரையாங்கிள் போடுங்க சார்," என்றார் அங்கிள்.

"போட்டாச்சு. பல்லு எத்தனை சார்?"

"ஆட் நம்பர் வெச்சுக்கலாம். நடுவுல ஒண்ணு வரணும்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. காகிதத்தில் முகம் நன்றாகவே இருந்தது. மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இட்ஸ் ஆல்மோஸ்ட் டார்க்!"

"ஏங்க, மொத வெட்டை மட்டும் போட்டுக் குடுங்க," என்றேன்.

அங்கிள் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டார். பெரிய கத்தியைக் காம்பில் வைத்து அழுத்தினார். அடிவரை இறக்கினார். பூசணிக்காய் நேர்பாதியாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தது.

முதல் வெட்டு என்றால் அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். காம்பைச் சுற்றி மூடி மாதிரி வெட்டவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது என் தப்பு.

"யூ கில்ட் இட்," என்றாள் மகள்.

"சார்தான் புடிச்சிட்டிருந்தார்," என்றார் அவள் அப்பா.

"நான் ஸ்டெடியாத்தான் புடிச்சேன் சார். ஆங்கிள் உங்களோடது."

ஆன்ட்டி சிரித்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். ரெண்டா பொளந்து கையில வெச்சுட்டே 'நான் இல்லே'ங்கறவங்களை இப்பத்தான் பாக்கறேன்."

அங்கிள் கடைக்கு போன் பண்ணினார். எல்லாம் விற்றுவிட்டதாம். ஆன்ட்டி ஒரு பாதியைச் சாம்பாருக்கு எடுத்து வைத்துக்கொண்டார். ஆண்கள் இரண்டு பேரும் புதுக் காகிதம் எடுத்தார்கள். பிளந்ததை ஒட்டக் கம்பியா, ஆணியா, டேப்பா என்று பேச்சு. மகள் மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வெட்டு விழுந்தாகிவிட்டது. இனி நான் தொடலாம். மிச்சப் பாதியை எடுத்தேன். விதையை வழித்தேன். சின்னக் கத்தியால் இரண்டு கண், ஒரு வாய். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். வாசற்படியில் கொண்டுபோய், வெட்டுப்பக்கம் சுவரோடு ஒட்டும்படி நிறுத்தினேன். உள்ளே அகல் விளக்கு ஏற்றினேன். தெருவிலிருந்து பார்த்தால் முழுசு. பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் பாதி. அங்கே நிற்க இடமில்லை, புதர்தான்.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அம்மா, நோ நோஸ்."

"இருட்டுல யாருடி மூக்கைப் பாக்கறா. போய்க் கதவுகிட்ட நில்லு."

பின்னாலேயே ஆண்களும் வந்து பார்த்தார்கள். "டிசைன் நம்மளோடதுதானே," என்றார் அங்கிள். என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

மணி அடித்தது. மகளுக்கு முன்னால் அங்கிள் ஓடிப்போய்த் திறந்தார். வெள்ளைப் போர்வைக்குள் ஒரு சின்னப் பேய்.

"விச் கிரேட்? ஹவ் மச் இன் மேத்ஸ்?"

பேய் ஒரு படி பின்வாங்கியது. மகளுக்கு முகம் செத்துவிட்டது. ஆன்ட்டி அங்கிளின் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"வாங்க இப்படி. அதுவே பேய். அதைப் போய் பயமுறுத்தறீங்க."

மகள் கிண்ணத்தை நீட்டினாள். பேய் நின்று யோசித்தது. பிறகு மேலே ஏறி இரண்டு மிட்டாய் எடுத்துக்கொண்டது. அதன் பின்னால் புல்வெளியில் இன்னும் சிலர் நின்றார்கள். அவர்களும் வந்தார்கள்.

தெருவில் சத்தம் அடங்கின பிறகுதான் மகள் கதவைச் சாத்தினாள். திங்கட்கிழமைக்கு எந்தச் சட்டை போடுவது என்று என்னைக் கேட்டாள். எத்தனை பேர் வந்தார்கள் என்று நான் கேட்டேன். எண்ணி வைத்திருந்தாள்.

பதினேழு.