மூக்காயி நட்ட ரம்புக்

குருவிட்டையிலிருந்து உள்ளே தள்ளி, இறப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் தோட்டம். மூக்காயி அங்கே பால் வெட்டுகிறவர். அவருடைய ஒரே மகன் கிருஷாந்த், ஆறாம் வகுப்புப் படிக்கும்போது 2002இல் காய்ச்சலில் இறந்துபோனான். ஆற்றங்கரை மயானத்தில் புதைத்தார்கள். மூக்காயி அழவில்லை. அடுத்த வாரமே வாளியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போய்விட்டார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். அவர் எதுவும் காதில் விழாதவர் போலவே இருந்தார்.

மறு வருடம் மே மாத வெள்ளம் மயானத்தின் கீழ்ப்பக்கத்தை அறுத்துக்கொண்டு போனது. கரையோரக் குழிகள் சிலவற்றைக் காணவில்லை. கிருஷாந்தின் மேடு தப்பியிருந்தது. ஆனால் அதற்கும் ஆற்றுக்கும் இடையில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத்தான் மண் மிச்சம். இன்னொரு பெருமழை வந்தால் அதுவும் போய்விடும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தில் சோமாவதி என்ற சிங்களப் பெண்ணின் வயல் இருந்தது. அவருடைய கரை கரையவில்லை. கரும்பு போன்ற உயரமான புல் அங்கே அடர்ந்து நின்றது. மூக்காயி அங்கே போய்க் கேட்டபோது அதைக் காட்டி, "ரம்புக்... பஸ் அல்லகன்னவா" என்றார் சோமாவதி. ரம்புக் அந்தப் புல்லின் பெயர்; சிங்களத்தில் பஸ் என்றால் மண். மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

மூக்காயி ஒரு கட்டுத் தண்டோடு திரும்பினார். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்ற லயத்துக் கோகிலா, "என்னாக்கா, கரும்பா?" என்றாள்.

"ரம்புக்கு. பஸ் புடிக்குமாம்."

"எந்த பஸ்ஸு? குருவிட்ட பஸ்ஸா, ரத்னபுர பஸ்ஸா? எனக்கும் ஒரு சீட்டு புடிச்சி வைக்கச் சொல்லுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். மூக்காயி சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கணுக்கள் இருக்கும்படி தண்டைத் துண்டு போட்டு, கரையோரம் சரிவாக ஊன்றினார். வேலை முடிந்து வரும்போதெல்லாம் மிதிபட்டவற்றை எடுத்துத் திரும்ப ஊன்றினார். பிறகு வந்த மழைகளில் கரை நின்றது.

புல் ஆள் உயரத்தைத் தாண்டி, வெள்ளையாகப் பூ விட்டது. அப்போது கேகாலைப் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இது பேய்க்கரும்புல்ல? யாரு சுடுகாட்டுல கொண்டாந்து நட்டது?" என்று கேட்டார். அவ்வளவுதான். அந்த வாரம் லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல்; பேய்க்கரும்புதான் காரணம் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தலைவர் சாமிமுத்து ஆட்களோடு மம்பட்டி எடுத்துக்கொண்டு மயானத்துக்கு வந்தார். மூக்காயியும் போனார்.

"பேருலயே பேய் இருக்கு மூக்காயி. அதப் போயி சுடுகாட்டுல நட்டுருக்கியே?"

"இது ரம்புக்குங்க, தலைவரே."

"சிங்களத்துல சொன்னா பேய் எறங்கிப் போயிருமா?"

"தழைய வெட்டிக்கிருங்க. வேர மட்டும் விட்ருங்க. எம்புள்ள கெடக்குறான்."

"வேர்லதானே அது குந்தியிருக்கும்! தோண்டுங்கடா."

 மூக்காயி மகனுடைய மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஆட்கள் மறுகோடியிலிருந்து தொடங்கினார்கள். முதல் தூர் எளிதில் வரவில்லை. நாலு பேர் சேர்ந்து இழுத்தபோது, பிடித்திருந்த மண்ணும் சேர்ந்து வந்தது. கரையில் ஒரு பெரிய துண்டு பிளந்து ஆற்றில் விழுந்தது. பிளந்த விளிம்பில் நட்டிருந்த சமாதிக் கல் ஒன்று ஆற்றுப் பக்கம் சாய்ந்தது. அது சாமிமுத்துவின் அம்மாவுடைய கல்.

 கலங்கிய தண்ணீரைச் சாமிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கி, கல்லை நிமிர்த்தப் பார்த்தார். அது நிற்கவில்லை.

"போதும்டா. மம்பட்டியக் கீழ போடுங்க."

ஆட்கள் பிடுங்கிப் போட்ட தூரை மூக்காயி தூக்கிக்கொண்டு வந்தார். மண் போன இடத்தில் உட்கார்ந்து கையால் குழி பறித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. 

"நடு. ஆனா அந்தப் பேரச் சொல்லாம நடு" என்றார் சாமிமுத்து.

மூக்காயி தலையாட்டிவிட்டு, தூரைக் குழிக்குள் இறக்கினார். சாமிமுத்து அதை நேராகப் பிடித்துக்கொண்டார்.