பிறத்தியார் காசில் வள்ளல்

ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில் லென்னி கோவாச்சின் குரலைக் கேட்காதவர் கிடையாது. பிழைப்புக்கு மீன் சாண்ட்விச் கடை வைத்திருக்கிறான். உண்மையான தொழில், தினமும் மாலை ஐந்து மணிக்கு விளையாட்டு வானொலிக்குப் போன் போட்டு, எங்கள் பேஸ்பால் அணி முதலாளியைத் திட்டுவது. பதினேழு வருடமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை.

இந்த வருடம் வாய்க்கு நல்ல தீனி கிடைத்தது. எங்கள் அணியின் பந்து வீசும் பையன் ஒப்பந்தம் முடிந்து, எட்டு வருடத்துக்கு இருபத்து நாலு கோடி டாலர் கேட்டான். சின்ன ஊர், கட்டுப்படியாகாது என்று முதலாளி கையை விரித்தார். பையன் நியூயார்க் போய்விட்டான்.

"எச்சக் கையால காக்கா ஓட்டாத பய!" என்று வானொலியில் கத்தினான் லென்னி. "நல்ல ஆளுக்கு நல்ல காசு குடுக்கணும்யா! முடியலேன்னா அணியை வித்துட்டுப் போ!"

காரை ஓட்டிக்கொண்டே நாங்களும் தலையாட்டினோம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் எங்களை மிஞ்ச ஆளில்லை.

லென்னியின் கடையில் மீன் வறுப்பவள் டோரீன். பதினாலு வருடமாக வறுக்கிறாள். கிறிஸ்தவர்கள் இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தெருமுனை வரை வரிசை நிற்பது அவள் கைப்பக்குவத்துக்காகத்தான். லென்னி வறுத்தால் நாய்கூட யோசிக்கும். தவக்காலம் தொடங்கிய வாரம் அவள் வாய் திறந்தாள்.

"லென்னி, பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கடையில கூப்பிடுறாங்க. மணிக்கு ரெண்டு டாலர் ஏத்திக் குடு, இங்கேயே இருந்துடுறேன்."

"சின்னக் கடை டோரீன், கட்டுப்படியாகாது. அதோட நாம குடும்பம் மாதிரி இல்லையா?"

"என் குடும்பத்துக்கு நான் சும்மாதான் சமைக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு."

புதன்கிழமை மாலை லென்னி வழக்கம்போல வானொலியில் முழங்கிக்கொண்டிருந்தான். நிகழ்ச்சி நடத்தும் மிட்ச் குறுக்கிட்டான். "இரு லென்னி, லைன்ல இன்னொருத்தங்க. சொல்லுங்கம்மா."

"ரொம்ப நாளா கேக்கறேன், இன்னைக்குத்தான் பேசறேன்." டோரீனின் குரல். "நல்ல ஆளுக்கு நல்ல காசுன்னு லென்னி சொல்றாரே, அவர் கடையில பதினாலு வருஷமா மீன் வறுக்கற எனக்கு ரெண்டு டாலர் உண்டா, இல்லையா?"

மிட்சுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பதில் சொல்லுப்பா லென்னி, ஊரே கேக்குது."

லென்னி தொண்டையைக் கனைத்தான். "அது வேற, இது வேற மிட்ச். அது பேஸ்பால்."

வெள்ளிக்கிழமை டோரீன் பாலத்தைத் தாண்டிவிட்டாள். நாங்களும் தாண்டினோம். விசுவாசம், விசுவாசம் என்று வாய் கிழியப் பேசிய ஒருவன்கூட லென்னி கடை வாசலில் நிற்கவில்லை, என்னையும் சேர்த்து. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மீன் பிரமாதமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை லென்னியே அந்த வரிசையில் வந்து நின்றான், தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு. அவன் முறை வந்தது.

"திரும்பி வந்துடு டோரீன். மூணு டாலர் ஏத்தித் தரேன்."

அவள் கொதிக்கும் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. சாண்ட்விச் வேணுமா? பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

"ஒண்ணு குடு" என்றான் லென்னி. கேட்ட விலையைக் கொடுத்தான்.