முதலாளி வாங்கி வந்த ரப்பர் கையுறை

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். பட்டு நூலைக் கொதிக்கும் சாயத்தில் தோய்த்துப் பிழிய வேண்டும். சாயம் பிடிக்க ஆசிட் ஊற்றுவோம். கையெல்லாம் வெடித்திருக்கும். சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அந்த நாற்றம்தான்.

ஒருநாள் முதலாளி மெட்ராஸிலிருந்து ரப்பர் கையுறை வாங்கி வந்தார். "இனிமே எவனும் கை எரியுதுன்னு சொல்லக்கூடாதுப்பா" என்றார். பட்டறையில் நாங்கள் நான்கு பேர். கையுறை ஒரே ஒரு ஜோடி.

ஒருவர் கழற்றியதை அடுத்தவர் மாட்டிக்கொள்வார். உள்ளே கையை விட்டால் வெதுவெதுவென்று வழுக்கும். யாருடைய வியர்வையோ, யார் புண்ணில் கசிந்த நீரோ.

என்னோடு சாயக் கொப்பரையருகே நின்றவர் பக்கத்து ஊரான ஓரிக்கையைச் சேர்ந்தவர். வயதில் மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குக் கையுறை பிடித்துவிட்டது. "வெறுங்கைக்கு இது தேவலாம்பா, சூடே தெரியல" என்பார்.

ஒருநாள் அவர்தான் ஆசிட் ஊற்றினார். கையுறையின் விரலிடுக்கில் ஓட்டை இருந்தது எங்களுக்குத் தெரியாது. வெறுங்கையில் பட்டால் உடனே தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிடுவோம். அவரோ உள்ளே ஊறிய ஈரத்தை வியர்வை என்று நினைத்து வேலையைத் தொடர்ந்திருக்கிறார். திடீரென்று அலறினார். விரல்கள் வீங்கிவிட்டதால் கையுறை கழலவில்லை. நான் பிடித்து இழுத்தேன். வெந்த உருளைக்கிழங்கின் தோல் போல இரண்டு விரல்களின் தோலும் அதோடு உரிந்து வந்தது. உள்ளிருந்து அடித்த நாற்றத்தில் அங்கேயே வாந்தியெடுத்தேன்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். கையுறை கொடியில் தொங்கியது. ஓட்டையில் சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருந்தது.

"ஒட்டிட்டேன், ஒண்ணும் ஆவாது. மாட்டிக்கினு வேலையப் பாரு" என்றார் முதலாளி.

விரல் பகுதியைப் புரட்டிப் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"உள்ள அவரு தோலு இருக்குது."

"அதுக்கென்னா? கழுவிக்கோ."

கையுறை இரண்டையும் எடுத்துக் கொப்பரை அடுப்பில் போட்டேன். கரும்புகை கிளம்பியது. முதலாளி கத்தினார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஆசிட்டில் கைவிட வேறு ஆள் கிடைக்க வேண்டுமே. புதுக் கையுறையும் வாங்கவில்லை. நாங்கள் பழையபடி வெறுங்கையோடு நின்றோம்.

அண்ணனுக்கு அந்த இரண்டு விரல்களும் மடங்கியே போயின. பட்டறைக்குத் திரும்பவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு முதலாளி அவர் வீட்டுக்குப் போனாராம். உட்கார்ந்ததும், "நல்ல கிளவுஸுப்பா, உன் கூட்டாளி கொளுத்திட்டான்" என்று அவரிடமே குறைப்பட்டுக்கொண்டாராம்.